மூழ்காத நீச்சலுடை

நகரத்து நீச்சல் குளத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கே கூட்டம் அலைமோதியது. நீந்த வந்த கூட்டமா என்றால், அதுதான் இல்லை. பஞ்சு மகானிடம் நீச்சலுடை வாங்க வந்த கூட்டம். அவர் மந்திரித்துத் தரும் இயற்கைப் பருத்தி உடையை மாட்டிக்கொண்டால் போதுமாம். கையை ஆட்ட வேண்டாம், காலை ஆட்ட வேண்டாம், தண்ணீரே ஆளைத் தூக்கித் தாங்குமாம். கப்பலில் மிதவை கட்டித் தொங்கவிடுகிறவர்கள் எல்லாம் சுத்த மடையர்கள் போலிருக்கிறது!

சாட்சிகளுக்கும் குறைவில்லை.

“பத்து நாளாப் போட்டுக்கிட்டு எறங்குறேன். ஒரு தடவைகூட மூழ்கலை!” என்று மார்தட்டினார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் இறங்கியது இடுப்பளவுத் தண்ணீரில். கணக்கு வாத்தியாருக்கே இந்தக் கணக்கு உதைக்கவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

உடைக்கு ஒரே ஒரு நிபந்தனை. துவைக்கக் கூடாது. துவைத்தால் சக்தி கரைந்துவிடும். பக்தர்கள் பக்கத்தில் வந்தாலே நாற்றம் குடலைப் பிடுங்கியது. சொறி கிளம்பியவர்களுக்கும் மகான் விளக்கம் வைத்திருந்தார். உள்ளே கிடக்கும் பயம் தோல் வழியாக வெளியேறுகிறதாம்.

குளத்தின் துவைப்பறையில் வேலை செய்யும் சோப்பக்காவுக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்கச் சிரிப்புத்தான் வந்தது. இருபது வருஷமாகத் துணிகளோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். அந்தச் சிரிப்பும் அவளுடைய சொந்தத் தங்கை அதே உடையில் துவைப்பறைக்குள் வந்து நின்ற நிமிஷம்வரைதான்.

“எப்படிக்கா இருக்கு? இன்னிக்கு நான்தான் சாட்சி. எல்லாருக்கும் முன்னாடி ஆழமான பக்கம் குதிக்கப் போறேன்!”

“அடிப்பாவி! உனக்கு நீச்சலே தெரியாதேடி!”

“இனிமே எதுக்கு அது? வகுப்பைக்கூட நிறுத்திட்டேன்.”

“பன்னெண்டு அடி ஆழம்டி அது!”

“இருபது அடியா இருந்தாத்தான் என்ன? உனக்கு எப்பவுமே சந்தேகம்தான். சோப்பைத் தவிர வேற எதைத்தான் நீ நம்பியிருக்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு முட்டுகிறவள் இந்தத் தங்கை. அந்தப் பயத்தைத்தான் மகான் காசாக்கியிருந்தார். சோப்பக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள். உயிர்க்காவலரிடம் சொல்லலாம் என்று ஓடினால், அவருடைய உயரமான நாற்காலி காலி. அந்தப் புண்ணியவான் தனக்கும் ஒரு உடை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்!

குளக்கரையில் மகான் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் உடைத்துணியிலிருந்து வெட்டிய ஒரு சிறு சதுரத்தை மெல்ல மிதக்கவிட்டார். அது நனையாமல் ஒய்யாரமாக மிதந்தது.

“பாத்தீங்களா! இயற்கை நூல்! தண்ணியையே ஜெயிக்குது!”

கூட்டம் வாயைப் பிளந்தது. தங்கை ஆழமான பக்கத்து விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“ஒரு நிமிஷம்!” துவைப்பறைத் துண்டோடு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் சோப்பக்கா. “மகானே, இது அசல் பருத்தி. இதையும் போடுங்க, பாப்போம்.”

அவர் போடவில்லை. அவளே ஒரு மூலையைக் கிழித்துப் போட்டாள். அது தண்ணீரை மடமடவென்று குடித்துக் கனத்து அடியில் போய் உட்கார்ந்தது.

“பருத்தின்னா தண்ணி குடிக்கும். அதனாலதானே இதை வெச்சு உடம்பு தொடைக்கிறோம்? தண்ணியே குடிக்காம மெதக்குதுன்னா அது பருத்தியே இல்லைங்க!”

“அது மந்திரிக்காத பருத்தி, தாயே” என்று புன்னகைத்தார் மகான்.

சோப்பக்கா தங்கையின் உடையில் உள்மடிப்பைப் பிரித்து, தையல் நூலை விட்டுவிட்டுத் துணியிலிருந்தே ஓர் இழையை உருவினாள். தன் துண்டிலிருந்தும் ஒன்று. மடியிலிருந்த தீப்பெட்டியை உரசினாள். துண்டின் இழை காகிதம்போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாயிற்று. மகானின் இழை சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பிளாஸ்டிக் வாளி கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“மந்திரம் போட்டா பருத்தி பிளாஸ்டிக்கா மாறிடுமா, சாமி?”

கூட்டத்தில் சலசலப்பு. ஆனால் நம்பிக்கை என்பது அவ்வளவு சீக்கிரம் சாகிற ஜந்துவா?

“பிளாஸ்டிக்கா இருந்தா என்னக்கா? ஆளை மெதக்க வைக்குதுல்ல, அது போதும்!” என்றாள் தங்கை. கணக்கு வாத்தியார் பலமாகத் தலையாட்டினார்.

சோப்பக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டாள்.

“சரிடி. மகானும் இதே உடையைத்தானே போட்டிருக்காரு? அவர் கையைப் புடிச்சுக்க. ரெண்டு பேரும் சேர்ந்து குதிங்க. நான் ஒரு வார்த்தை பேசலை.”

தங்கைக்கு வாயெல்லாம் பல். “அய்யோ, எனக்கு அவ்ளோ பாக்கியமா! வாங்க மகானே!” என்று அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து விளிம்புக்கு இழுத்தாள்.

மகான் பின்னுக்கு இழுத்தார். அவள் முன்னுக்கு இழுத்தாள். அவருடைய ஒரு கால் வழுக்கியது.

“ஐயோ, விடும்மா! விடுன்னா! எனக்கு நீச்சல் தெரியாது!”

தங்கை அவர் கையை விட்டாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். நீலமாக, அடி தெரியாமல் கிடந்தது. அவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

பக்கவாசல் வழியாக ஓட்டமெடுத்த மகானை உயிர்க்காவலர் துரத்திப் பிடித்தார். வேலைக்குச் சேர்ந்தபின் அவர் காப்பாற்றிய முதல் ஆள் கூட்டத்திடம் அடிவாங்கவிருந்த மகான்தான்.

அரை மணி கழித்து, அக்கா கொடுத்த அசல் பருத்தி உடையில், ஆழமில்லாத பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி தங்கை காலை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். கணக்கு வாத்தியார் மெல்லப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஏம்மா, இவன்தான் போலி. மெதக்க வைக்கிற நெசமான உடை எந்த மகான்கிட்டக் கெடைக்கும்?”

தங்கை உதைப்பதை நிறுத்தி, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்தினாள்.

“மெதக்கறதுக்குக் கையையும் காலையும் அசைச்சாப் போதும் சார். அதுக்கு முன்னாடி மூளையை அசைக்கணும். அதுக்கு எந்த மகானும் வர மாட்டான், நாமதான் அசைக்கணும்.”