ஆமத்தூர்க் கிடாவும் மதுரை லென்சும்

கிடா மறுபடியும் தலையை ஆட்டிவிட்டது.

கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்த ஜேசுதாசன் அதை முறைத்தார். அது அவரைவிடக் கோபமாக முறைத்தது. கிடாவை வளர்க்கும் மொக்கைச்சாமி மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா, கொஞ்சம் அசையாமப் பிடிக்கக் கூடாதா?"

"சண்டைக்கிடா சார் இது. கல்யாண மாப்பிள்ளையா, சொன்னபடி நிக்கிறதுக்கு?"

விருதுநகருக்குத் திரும்பி, தன் ஸ்டுடியோ இருட்டறையில், படம் பதிந்த கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தார் ஜேசுதாசன். உடம்பு ஒன்று, முகம் மூன்று. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிடா, சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கையாவுடையது. போன வாரம்தான் அவர் ஜேசுதாசனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"கிடா மார்க்குனு புது வெடி போடுறோம். ஆமத்தூர்ல நிக்கிற என் கிடாவைப் படம் பிடிச்சுக் குடுங்க. கொம்புல இருக்குற வரியெல்லாம் எண்ணிப் பாக்குற மாதிரி இருக்கணும். நல்லா வந்துச்சுன்னா கம்பெனி போட்டோ வேலை பூராம் உங்களுக்குத்தான்."

ஜேசுதாசனுக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. ஸ்டுடியோவுக்கு ஆள் வருவதே அபூர்வம். மனைவி ஞானபூரணியின் டீச்சர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவளுடைய அண்ணன் மிளகாய் மண்டியில் கணக்குப்பிள்ளை. அங்கே ஜேசுதாசனுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார்கள். அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே இவருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து கணக்கு எழுதினால் ஆளே மிஞ்சமாட்டார்.

"இந்தக் கிடா படம் மட்டும் வரலைன்னா, கேமராவை வித்துட்டு மண்டிக்கே போயிர்றேன். போதுமா?" என்று வீராப்பாகச் சொல்லியிருந்தார்.

"பைபிள் மேல கைய வச்சுச் சொல்லுங்க" என்றாள் ஞானபூரணி.

வைத்துச் சொன்னார்.

ஆகவே இப்போது பின்வாங்க வழியில்லை. தப்பு தன்மேல் இல்லை, லென்ஸ்மேல்தான் என்று முடிவு செய்தார். பழைய லென்சுக்கு வாய் சிறிது. வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். அதற்குள் கிடா நாலு பக்கமும் பார்த்துவிடும்.

மதுரைக்குப் போனார். கேமராக் கடைக்காரர் இரண்டு லென்சுகளை எடுத்து வைத்தார்.

"இது வாய் அகலம். கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள படம் விழுந்துரும். இன்னொண்ணு நீளம். தூரத்துல நின்னே எடுக்கலாம்."

"ரெண்டையும் எடுத்துக்கிட்டா?"

"தாராளமா எடுத்துக்கிடுங்க" என்று கடைக்காரர் சொன்ன விலையில் ஸ்டுடியோவையே வாங்கலாம் போலிருந்தது.

சைக்கிளை விற்று அகல லென்சை வாங்கினார். கிடா தலையை ஆட்டுவதற்குள் படம் விழுந்துவிட்டது. ஆனால் மூக்கு மட்டும்தான் தெளிவு. மூக்குமேல் உட்கார்ந்திருந்த ஈயின் கால்கூடத் தெரிந்தது. கொம்பு இருந்த இடத்தில் புகை.

ஞானபூரணி படத்தை வாங்கிப் பார்த்தாள். "மூக்கு நல்லா வந்திருக்கு. மூக்கு மார்க்குனு வெடி போடச் சொல்லுங்களேன்."

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினார்.

"வாயைச் சுருக்கி வச்சு எடுங்க. கொம்பும் தெளிவா விழும்" என்றார் கடைக்காரர்.

"சுருக்குனா?"

"நேரம் கூடும்."

"நேரம் கூடுனா?"

"கிடா தலைய ஆட்டிரும்."

ஜேசுதாசன் பல்லைக் கடித்தார். அகல லென்சைத் திருப்பிக் கொடுத்து, கூடவே கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்து, நீள லென்சை வாங்கினார். அதுவும் வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். ஆனால் தூரத்தில் நின்றால் கிடாவுக்குக் கோபம் வராது, கோபம் வராவிட்டால் ஆடாது என்று கணக்குப் போட்டார்.

"மணி பாக்க என்ன செய்வீக?" என்றாள் ஞானபூரணி.

"கோயில் மணி அடிக்குதுல்ல!"

சைக்கிள் இல்லாததால், கேமராப் பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஆமத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் நடந்தே போனார். காட்டின் ஒரு கோடியில் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் குனிந்தார். எதிர்க்கோடியில் கிடா அவரையே பார்த்தது. தலையைத் தாழ்த்தியது. அப்படியே நின்றது. காதுகூட அசையவில்லை.

ஜேசுதாசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தட்டைச் செருகி லென்சைத் திறந்தார்.

"சார்!" மொக்கைச்சாமி அங்கிருந்து கத்தினார். "குனிஞ்சு நிக்கிற உங்களை இன்னொரு கிடான்னு நினைச்சுருச்சு! முட்டுறதுக்கு முன்னால இப்படித்தான் நின்னு எடை போடும்!"

ஓடியிருக்கலாம். ஜேசுதாசன் ஓடவில்லை. வெளிச்சம் போதுமான மட்டும் விழும்வரை குனிந்தே நின்றார். லென்சை மூடித் தட்டை உருவி மார்போடு அணைத்தபோது, மொக்கைச்சாமியின் கையில் கயிறு இல்லை.

முக்காலி ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம், ஜேசுதாசன் கருவேலமுள்ளுக்குள். லென்ஸ் இரண்டாகப் பிளந்துபோயிற்று. தட்டில் கீறல்கூட இல்லை.

படம் அற்புதமாக வந்திருந்தது. கொம்பின் வரிகளை எண்ணலாம், உடம்பின் மயிரையும் எண்ணலாம். ஞானபூரணி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பாவம், சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று ஜேசுதாசன் நினைத்துக்கொண்டார்.

சிவகாசியில் சங்கையா படத்தைப் பார்த்துப் பிடரியைச் சொறிந்தார்.

"நெசமாவே எடுத்துட்டீகளா?"

"நீங்க கேட்டபடியே, முதலாளி!"

"அப்படியா... சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான், கம்பெனி வேலை உங்களுக்குத்தான். படத்தை அச்சாபீஸ்ல ஒச்சப்பன்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

ஜேசுதாசன் நொண்டிக்கொண்டே, ஆனால் ராஜநடையாக, அச்சாபீசுக்குப் போனார். லேபிள் ஓவியர் ஒச்சப்பன் அச்சுக்கல்லின் மேல் குனிந்து மயில் ஒன்றுக்குத் தோகை வரைந்துகொண்டிருந்தார். எதிரே படம் கிடம் எதுவும் இல்லை.

"கிடா மார்க்கு லேபிளுக்குப் போட்டோ கொண்டாந்திருக்கேன்."

"கிடா மார்க்கா? அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. இந்த சீசன் லேபிள் எல்லாம் அச்சடிச்சு லோடே ஏத்தியாச்சு. அதுவும்போக, லேபிளுக்கு எவன் போட்டோ கேட்டான்? எல்லாம் நாங்க மனசுல பட்டதைக் கல்லுல கையால வரையிறதுதான்."

"அப்ப முதலாளி எதுக்கு என்னைய எடுக்கச் சொன்னாரு?"

ஒச்சப்பன் படத்தைப் பார்த்தார். முள் கிழித்த ஜேசுதாசனின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"அடடே, டீச்சரம்மா வீட்டுக்காரரு நீங்கதானா? 'எடுக்கவே முடியாத படமா ஒண்ணு கேக்கச் சொல்லுங்க, அப்பத்தான் மனுசன் கேமராவை வித்துட்டு மண்டிக்குப் போவாரு'ன்னு டீச்சரம்மாவே நம்ம முதலாளியம்மாகிட்ட வந்து கெஞ்சிட்டுப் போனாகளாமே!"