பூசணித் தண்டுச் சங்கு

பசறைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் யார் பேச்சையும் கேட்காத மனிதர் என்று ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் என்னவோ, எங்களுக்குப் பீப்பி அண்ணன். மழை வந்தால் ஊரே ஒதுங்கும். அவர் அப்போதுதான் நடக்கக் கிளம்புவார். சுருட்டைத் தொடாதே என்று டாக்டர் சொன்ன அன்றுதான் சுருட்டுப் பிடிக்கவே தொடங்கினார்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கைக்குழந்தைக்காரி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரைக்கு ஒரு கெட்ட புத்தி. நாலரைக்கு ஊத வேண்டிய தொழிற்சாலைச் சங்கை, கொழுந்து அதிகமான நாட்களில் இஷ்டத்துக்கு இழுத்தடிப்பார். சங்கு ஊதாமல் கங்காணி மலையை விட்டு இறங்க விடமாட்டார். கீழே, நாங்கள் விட்டு வந்த பிள்ளைக் காம்பராவில் எங்கள் குழந்தைகள் பாலுக்குக் கத்தும். மேலே எங்களுக்கு மார் கட்டி, ரவிக்கை நனைந்து, உயிர் போகும்.

அண்ணனுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிகளை வெட்டி முடித்து மத்தியானமே வீடு திரும்பிவிடுவார். வீடு பிள்ளைக் காம்பராவுக்கு அடுத்தது. அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. கொல்லைப் பூசணிக் கொடியில் ஒரு இலையைத் தண்டோடு ஒடித்தார். இலையைக் கிள்ளிப் போட்டு, சுணையைத் துடைத்து, மூடியிருக்கும் நுனிக்குப் பக்கத்தில் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல். மறுமுனையைப் பப்பாசித் தண்டுக்குள் செருகி, அதன் வாயில் அடி வெட்டிய சுரைக்குடுக்கை. காம்பராக் கடிகாரத்தில் நாலரை ஆனதும் பாறை மேல் ஏறி அந்தப் பீப்பியை ஊதினார் பாருங்கள், மாடு கன்று போடுகிறதென்று பால்காரர் வைக்கோலோடு ஓடினார். நாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கங்காணி மறித்தார். சங்குதான் ஊதியாச்சே என்றோம். பாவம், அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

மறுநாள் துரை அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பீப்பியைப் பிடுங்கிக்கொண்டார். பூசணித் தண்டு எப்படியும் ஒரே நாளில் வாடிவிடும், புதிதாகச் செய்யத்தான் வேண்டும். துரை தினமும் பிடுங்கினார், அண்ணன் தினமும் செய்தார். ஆபீஸ் மேசையில் தண்டு குவிந்து நாறியது.

"யாரு சொல்லி ஊதுற?" என்று கடைசியில் துரை கத்தினாராம்.

"புள்ளைங்க சொல்லுச்சுங்க தொர."

இனி ஊதினால் வேலை போகும் என்று சொல்லி, லயத்து வீடுகளின் பூசணிக் கொடிகளை எல்லாம் ஆள் விட்டு வெட்ட வைத்தார் துரை. பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகள். அங்கேதான் அந்த மனுஷன் ஏமாந்தார். வெட்டிப் போட்டால் தண்டு அந்த நிமிஷமே செத்துவிடுமா? மத்தியானம் பால் கொடுக்க வந்த ஒவ்வொருத்தி கையிலும் அண்ணன் ஒரு பீப்பியைத் திணித்தார்.

"நான் மொதல்ல ஊதுவேன். என்னைய நிப்பாட்டினா நீங்க நிப்பாட்டாதீங்க தங்கச்சி."

நாலரைக்குப் பாறையிலிருந்து சத்தம் வந்தது, பாதியில் அறுந்தது. காவலுக்கு நின்ற வாச்சர்மார் அவரைப் பிடித்து இழுப்பது மேலிருந்தே தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மடியிலிருந்த பீப்பியை எடுத்தேன். வாயில் வைத்து ஊதினேன். பக்கத்து நிரையில் ஒருத்தி ஊதினாள். அப்புறம் மலை முழுக்க ஒரே பிளிறல். கங்காணி காதைப் பொத்திக்கொண்டு வழி விட்டார். எத்தனை பேர் வாயைத்தான் துரை பொத்துவார்? மறுநாளிலிருந்து சங்கு ஒழுங்காக ஊதியது. அண்ணனின் வேலையிலும் யாரும் கை வைக்கவில்லை.

அன்று என் மகன் பால் குடித்தபடியே தூங்கிப்போனான். வெளியே அண்ணன் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்து, குழந்தை குடித்தானா என்று மட்டும் கேட்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், ஒரு அண்ணன் இருக்கிறார் என்றுதான் சொல்லி வருகிறேன்.