வெண்டலின் இளஞ்சிவப்பு ஏப்ரன்

கடையின் பில் மேசையில் ஸ்கேனர் ‘பீப்’ என்றது. வெண்டலின் வலது கை இடுப்புக்குப் போய், மேலே வந்து, இடது கையோடு சேர்ந்து நேராக நீண்டது. கையில் இருந்தது வெள்ளரிக்காய். அது குறிவைத்திருந்தது யூனிஸ் அம்மாளின் மூக்கை.

வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். யூனிஸ் அம்மாள் மட்டும் அசரவில்லை. ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில், சுடத் தொடங்கச் சொல்லி ‘பீப்’ அடிக்கும் டைமரைப் பிடிப்பவரே அவர்தான்.

“பிடி நல்லாருக்கு தம்பி. முழங்கைதான் கொஞ்சம் வெளிய போகுது. வீட்ல பழகறியா?”

“ஏதோ கொஞ்சம்.”

“ரொம்பப் பழகாத. மணிக்கட்டு போயிடும்.”

வெண்டல் அசடு வழிந்தபடி வெள்ளரிக்காயைப் பையில் போட்டான். பல்பொருள் அங்காடியில் பில் போடுகிறவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ‘பீப்’ என்று யோசித்துப் பார்த்தால் அவன் படும் பாடு புரியும்.

எல்லாம் அந்த ஏப்ரனால் வந்தது. மாதாந்தரப் போட்டியில் கடைசியாக வருகிறவர் இளஞ்சிவப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு கிளப் அடுப்பில் எல்லோருக்கும் பர்கர் சுட வேண்டும் என்பது விதி. வசந்தத்தில் வெண்டல் ஒருமுறை கட்டியதுதான், அப்புறம் அது வேறு யார் இடுப்புக்கும் போகவில்லை. ஏப்ரனோடு அவன் நிற்கும் படம் கிளப் சுவரில் தொங்கியது. அவன் போடும் பர்கரில் ஒரு துண்டு மிஞ்சாது. வெயிலில் நின்றவர்களுக்குப் பசி அதிகம் என்று நினைத்துக்கொள்வான்.

இந்தச் சனிக்கிழமை மானத்தை மீட்டே தீருவதென்று முடிவெடுத்திருந்தான். தினமும் மாலை தோட்டாக்களைக் கராஜில் வைத்துப் பூட்டுவான். துப்பாக்கி காலிதானா என்று தானும் பார்த்து, மனைவி லோரெட்டாவையும் பார்க்கச் சொல்வான். டைமர் ‘பீப்’ என்றதும் உறையிலிருந்து உருவி, சுவரில் ஒட்டிய காகிதப் பொட்டைக் குறிபார்த்து விசையை அழுத்துவான். ‘டிக்’. மறுபடி உறை, மறுபடி ‘பீப்’.

வெள்ளரிக்காய்க் கதையைக் கேட்டு லோரெட்டா சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள்.

“சத்தத்தை மாத்திட்டா போச்சு. டைமரைத் தூக்கி உள்ள வை. நான் கை தட்டறேன்.”

கைதட்டல் நன்றாகத்தான் வேலை செய்தது, ஞாயிற்றுக்கிழமை வரை. சர்ச்சில் பாட்டுக்குழு பாடி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். வெண்டல் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து பாட்டுப் புத்தகத்தைப் பாதிரியார் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். பாதிரியார் இரண்டு கையையும் தூக்கினார். ஆசீர்வாதம் என்று நினைத்துச் சபை முழுவதும் கையைத் தூக்கியது.

“கையை இறக்கு,” என்று லோரெட்டா பல்லைக் கடித்தாள். “உன்னைத்தான் சொல்றேன், அவரை இல்ல.”

“இனிமே சத்தமே வேண்டாம். விளக்கைப் போடு, போதும்,” என்றான் வெண்டல் வீட்டுக்கு வந்ததும்.

அதுவும் நடந்தது. இருட்டு அறையில் அவள் விளக்கைப் போடுவாள், அவன் உருவுவான். மறுநாள் காலை பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே விளக்கு எரிந்ததும் கை பால் டப்பாவை உருவி, நீட்டி, அழுத்தியது. பால் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை, சுவரில் காகிதப் பொட்டுக்கு மிக அருகில் வழிந்துகொண்டிருந்தது.

“முதல்ல ஒரு வியாதி. இப்ப மூணு,” என்றாள் லோரெட்டா. ஆனாலும் பொட்டையும் பால் கறையையும் பார்த்துவிட்டு, “குறி தேவலை,” என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் தம்பி டாரல் போன் செய்தான்.

“மச்சான், வெங்காயம் வாங்கிட்டியா? அந்தச் சாஸுக்கு மிளகாய் இருக்கா?”

“நீயே வாங்கிக்கடா. நாளைக்கு ஏப்ரன் உனக்குத்தான்.”

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

“விளையாடாத மச்சான்,” என்றான் டாரல். குரல் கம்மியிருந்தது.

“பயந்துட்டான்,” என்று வெண்டல் போனை வைத்தான்.

“அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு,” என்றாள் லோரெட்டா. “தினமும் சாப்பிட்டதும் கராஜுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறானாம். உள்ள டிக் டிக்னு சத்தமாம். கேட்டா எலிப்பொறி ரிப்பேர்ங்கறானாம்.”

சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. வெண்டல் கோட்டில் நின்றான். இன்னொரு மாதம் அந்தப் படத்தை அவனால் பார்க்க முடியாது.

‘பீப்.’

கை தானாகப் போயிற்று. இந்த முறை வெள்ளரிக்காய் இல்லை, பாட்டுப் புத்தகம் இல்லை, பால் இல்லை. குண்டுகள் எல்லாம் அட்டையின் நடுவில் ஒரே கொத்தாக விழுந்தன.

யூனிஸ் அம்மாள் டைமரைப் பார்த்தார். அதை உலுக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

முதலிடம் வெண்டல். கடைசி இடம் டாரல். வெண்டல் துள்ளிக் குதித்து லோரெட்டாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு டாரலின் இடுப்பில் தன் கையாலேயே ஏப்ரனைக் கட்டி, முடிச்சையும் இறுக்கினான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாருமே கை தட்டவில்லை. சர்ச் விஷயம் தெரிந்து பயப்படுகிறார்கள் என்று வெண்டல் பெருந்தன்மையாக மன்னித்தான்.

சற்று நேரத்தில் அடுப்பிலிருந்து கருப்புப் புகை கிளம்பியது. டாரல் தட்டை நீட்டினான். அதில் இருந்தவற்றைப் பர்கர் என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். எல்லோரும் தத்தம் தட்டைக் குனிந்து பார்த்தபடி நின்றார்கள்.

“என்ன, யாருக்குமே பசி இல்லையா?” என்று கேட்டான் வெண்டல்.

யூனிஸ் அம்மாள் ஒரு வாய் கடித்தார். மெல்லாமல் அப்படியே காகிதத்தில் எடுத்து வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“வசந்தத்துல உன் பர்கரைத் தின்ன நாள்லேர்ந்து, தம்பி, நீ கடைசியா வரணும்னு நாங்க ஒவ்வொருத்தரும் வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு டிக் டிக்னு பழகினதெல்லாம் வீணாப் போச்சே.”