ஒன்பது பொன்னாடையும் மூன்று மணி ரயிலும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது மனம் கோணிவிடுவார்களோ என்று நினைத்தாலே அவர் சொன்னதற்கெல்லாம் சரி என்றுவிடுவேன். மாத்தளையில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது என்பதற்காகக் கடைசிவரை பந்தலுக்குள் கால் வைக்காத தாய்மாமனை நான் பார்த்திருக்கிறேன். (அந்தப் பத்திரிகையை அடித்தவன் நான்தான். அவர் இன்றைக்கும் என் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவார்.)

இந்த வியாதியை வைத்துக்கொண்டு ஒருவன் கடை நடத்தலாம், குடும்பம் நடத்தலாம். விஞ்ஞானக் கதை ரசிகர் மாநாடு மட்டும் நடத்தக் கூடாது.

மாநாடு கோமதியின் யோசனை. அப்போது அவள் அலுவிகாரைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞான டீச்சர். பரீட்சைத் தாள் அடிக்க என் கடைக்கு வருவாள். பிழை திருத்திக்கொண்டே விண்வெளியைப் பற்றிப் பேசுவாள். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் தலையை ஆட்டுவேன். (ஏன் ஆட்டினேன் என்று விளக்க வேண்டியதில்லை.)

அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது ஒரு பத்திரிகையில் தொடர்கதை வந்திருக்கிறது. எழுதியவர் 'வால்வெள்ளி'. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் ஒரு பெண் பழைய ரேடியோவைப் பழுது பார்க்கிறாள். அதில் ஏதோ ஒரு நட்சத்திரத்திலிருந்து குரல் வருகிறது. வாரா வாரம் அந்தக் குரல் நெருங்கிக்கொண்டே வருகிறது. முப்பத்தொன்பதாவது அத்தியாயத்தில், அடைமழையில், லயத்துக் கதவு தட்டப்படுகிறது. 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தார்கள். அடுத்த இதழ் வரவில்லை. பத்திரிகையே நின்றுபோனது.

கோமதி அந்த முப்பத்தொன்பது அத்தியாயத்தையும் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். அவளைக் கவர வேண்டும் என்று இரவல் வாங்கிப் போனேன். மூன்றே நாளில் முடித்துவிட்டு, நாலாம் நாள் அவள் வருவதற்கு முன்பே கடை வாசலில் நின்றேன். "கதவைத் தொறந்தாளா இல்லையா, டீச்சர்?"

"அது தெரியாமத்தானே பதினஞ்சு வருசமா கெடக்குறேன்" என்றாள்.

அவள் சும்மா கிடக்கவில்லை. ஒவ்வொருவராக விசாரித்து, போன் மேல் போன் போட்டு, அந்த எழுத்தாளரைக் கண்டுபிடித்தாள். தேயிலை ஃபெக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டியில் மகள் வீட்டில் இருந்தார். "முடிவு என் மனசுல இருக்கு அம்மா. கேக்க ஆள் இருந்தா வந்து சொல்றேன்" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காக ரத்தோட்டை, உக்குவளை, வஹகோட்டை என்று அலைந்து முப்பது ரசிகர்களைத் திரட்டிவிட்டாள். அதில் ஒரு கன்னியாஸ்திரியும் இருந்தார். நகரில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருக்கும் நௌபர் நானாவும் இருந்தார். ஏலக்காய் டின்களை வெட்டி ஒட்டி ரோபோ வேஷம் கட்டப்போவதாக முதல் நாளே அறிவித்தவர் அவர். அப்படி ஒரு காரியத்தைச் செய்யும் தெம்பு கோமதியைத் தவிர வேறு யாருக்கும் இருந்திருக்காது. இதை நான் புருஷன் என்ற முறையில் சொல்லவில்லை, பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எழுத்தாளருக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மறுநாள் காலையில் அவருக்குக் கண் ஆபரேஷன். வளைவு ரோட்டில் எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி எடுப்பார். அதனால் ரயிலில் வந்து, மூன்று மணி ரயிலில் கண்டிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது மகளின் கட்டளை.

"மேடை ஏற்பாடு மட்டும் நீங்க பாத்துக்குங்க பாலன்" என்றாள் கோமதி. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அது. (இரண்டாவது தவறு என்னைக் கட்டிக்கொண்டது என்று மாமியார் சொல்வார்.)

மண்டபம் கேட்டு ராமசாமி முதலாளியிடம் போனேன். அரிசி வியாபாரி, நல்ல மனிதர். "சும்மாவே எடுத்துக்குங்க தம்பி. நோட்டீஸ்ல என் பேர ஒரு ஓரமா போட்டா போதும்" என்றார். ஓரம் என்றால் உச்சி என்பது என் தொழிலில் பாலபாடம். பிரதம அதிதி என்று போட்டேன். முதலாளி பெயர் வந்தால் அவருடைய மைத்துனர் பெயரும் வர வேண்டும், ஏற்கெனவே இருவருக்கும் ஆகாது, விட்டால் இன்னும் மோசம். மைத்துனரைப் போட்டால் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரை விட முடியாது. அதிபரைப் போட்டால் அவருக்கு முன்னால் இருந்த அதிபரை எப்படி விடுவது? இப்படியே விசேட அதிதி, கௌரவ அதிதி, சிறப்பு அதிதி என்று ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். நோட்டீஸின் அடியில் மிஞ்சிய இடத்தில், சின்ன எழுத்தில், 'எழுத்தாளர் வால்வெள்ளி அவர்களும் கலந்துகொள்வார்' என்று அடித்தேன்.

கோமதி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இவங்க எல்லாரும் பேசுவாங்களா?"

"ரெண்டு ரெண்டு நிமிசம்தான் டீச்சர்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

பத்து மணிக்கு மாநாடு. எழுத்தாளர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. ரசிகர்கள் அவரைச் சுற்றி நின்று பேச்சு வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பிரதம அதிதி வராம தொடங்கக் கூடாது" என்று அவர்களைப் பிரித்து உட்கார வைத்த பாவி நான். பிரதம அதிதி பதினொன்றே காலுக்கு வந்தார்.

குத்துவிளக்கு. ஒன்பது பேருக்கு ஐந்து திரி. நாலு பேர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், ஏற்றிய திரிகளை அணைத்து அவர்களை மறுபடி ஏற்றச் சொன்னேன். காற்றில் அணைகிறது என்று மின்விசிறியையும் நிறுத்தினேன். டின்னுக்குள் நின்ற நௌபர் நானாவுக்கு வியர்வை ஆறாக ஓடியது. அந்த வேஷத்தில் உட்கார முடியாது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்து பொன்னாடை. ஒவ்வொருவருக்கும் அறிமுகம், ஆடை, போட்டோ. ஒன்பதாவது ஆளுக்குப் போர்த்திவிட்டுத் தட்டைப் பார்த்தேன். காலி. மேடையின் கடைசி நாற்காலியில் எழுத்தாளர் உட்கார்ந்திருந்தார். அதிதிகளை எண்ணி வாங்கிய நான், யாருக்காக மாநாடோ அவரை எண்ணவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு வேணாம் தம்பி, இருக்கிற வெக்கைக்கு அது வேறயா?" என்று மெதுவாகச் சொல்லி, பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிளாஸை என் கையில் கொடுத்தார். அப்படி ஒரு பெருந்தன்மையை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

பிறகு பேச்சு. முதலாளியின் மைத்துனர் பிள்ளைகள் போன் பார்ப்பதைக் கண்டித்தார். ஓர் அதிபர் நம் முன்னோர் எப்போதோ விண்ணில் பறந்துவிட்டார்கள் என்றார். அவருக்கு முந்தைய அதிபர் அதை மறுத்தார். முதலில் பேசியவர் எழுந்து மறுப்புக்கு மறுப்பு சொன்னார். கோமதி கீழே இருந்து துண்டுக் காகிதம் அனுப்பினாள்: 'பாலன், மணி 1.' அடுத்தது, 'பாலன், மணி 2.' மூன்றாவதில் வெறும் 'பாலன்!' ஒவ்வொன்றையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பேசுகிறவரை எப்படி நிறுத்துவது? கோபித்துக்கொள்ள மாட்டாரா?

இரண்டரைக்கு ராமசாமி முதலாளி பிரதம அதிதி உரையைத் தொடங்கினார். தன் அரிசி ஆலைக்கு வந்த புது மெஷினைப் பற்றி விரிவாகச் சொன்னார். "இறுதியாக" என்று மூன்றாவது தடவை அவர் சொன்னபோது கோமதி எழுந்தாள்.

சண்டை போடப்போகிறாள் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மேடையேறி முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டாள். எழுத்தாளரிடம் குனிந்து, மைக்கில் கேட்கும்படியே சொன்னாள்: "ஐயா, மூணு மணிக் கோச்சிக்கு நேரமாச்சு. வாங்க, நாங்களும் கூடவே வர்றோம்."

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதலில் எழுந்தவர் கன்னியாஸ்திரி. பிறகு இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. ஒவ்வொருவரும் மேடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒழுங்காக வெளியே போனார்கள். கடைசியாக நௌபர் நானா டின் கடகடக்க நடந்தார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "பாலன் தம்பி, வாங்களேன்! என்னத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க?"

நான் போயிருக்க வேண்டும். மேடையில் பொன்னாடையோடு ஒன்பது பேர் இருந்தார்கள், கீழே ஒருவருமில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், வியாதி என்னை அமுக்கிவிட்டது. முன்வரிசையில் போய் உட்கார்ந்து கைதட்டினேன். முதலாளி என் ஒருவனைப் பார்த்து, "சபையோர்களே" என்று தொடர்ந்தார். தூரத்தில் ரயில் கூவியது. நான் நன்றியுரை சொல்லி முடித்தபோது மணி நாலு.

உண்மையான மாநாடு ரயிலில் நடந்தது. நௌபர் நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரோபோ பெட்டிக்குள் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்ள, பயணிகளே இழுத்துப் போட்டார்களாம். எழுத்தாளர் ஜன்னலோரம் உட்கார்ந்து கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாராம். பலாப்பழம் கொண்டுபோன ஒரு சிங்கள அம்மா என்ன விசேஷம் என்று கேட்க, கோமதி கதையை முதலிலிருந்து சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். டிக்கட் பார்க்க வந்தவர் அங்கேயே நின்றுவிட்டாராம். வத்தேகமை தாண்டியதும் எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசி அத்தியாயத்தை முழுசாகச் சொன்னாராம். 

"சரி நானா, கதவைத் தொறந்தாளா?" என்றேன்.

"அல்லாவே! டீச்சர் சத்தியம் வாங்கி ஈக்கிறாங்க தம்பி. முடிவ உங்களுக்கு மட்டும் செல்லக் கூடாதாம்."

கோமதி ஒரு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. வந்தபோது பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு, "கைதட்டி முடிஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவள் சொல்லி இரண்டே பெயர்தான் போட்டோம். சொந்தத்தில் பாதிப் பேருக்கு இன்னும் கோபம். ஆச்சரியம், நான் சாகவில்லை.

எழுத்தாளர் போன வருடம் காலமானார். அந்த அத்தியாயத்தை அவர் கடைசிவரை எழுதவே இல்லை. அது இப்போது அந்தப் பெட்டியில் இருந்தவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதே மூன்று மணி ரயிலில் கூடுகிறார்கள், யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்கிறார். மேடை இல்லை, அதிதி இல்லை. நானும் போகிறேன், எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுக்கிறேன். வத்தேகமை வந்ததும் கோமதி என்னைப் பார்க்கிறாள். நான் எழுந்து பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடுகிறேன்.

இந்த வருடம் எங்கள் ஆறு வயது மகளை முதல் தடவையாக உள்ளே உட்கார வைத்தார்கள். கண்டி ஸ்டேஷனில் அவள் என்னிடம் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"செல்லம், அப்பாவுக்கு மட்டும் சொல்லு. அந்த அக்கா கதவைத் தொறந்தாளா?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, பாவம் என்பதுபோலத் தடவிக் கொடுத்தாள்.

"நீங்க அன்னைக்கே கோச்சில ஏறியிருக்கணும்ப்பா."