துணிமேல் படுத்த இஞ்ச் டேப் அண்ணன்

திருப்பூரிலேயே கம்ப்யூட்டரை வைத்துப் பிழைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சொல்லும் ஒரு வார்த்தையையும் நம்பாத மனிதர் ஒருவர்தான். எங்கள் ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான அளவுப் படம் வரையும் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தார். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதனால் எல்லோருக்கும் ‘இஞ்ச் டேப்’ அண்ணன். கேன்டீன் தோசையைக்கூட அளந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். “நேத்தைக்கு இன்னும் அரை இஞ்சு பெருசுங்க” என்பார்.

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் உடையின் பேட்டர்னை ஒரு சாஃப்ட்வேரில் வரைந்து அனுப்புவார். எங்களிடம் இருந்ததோ வேறு சாஃப்ட்வேர். நடுவில் ஒரு பொது ஃபைலாக மாற்றித்தான் திறக்க வேண்டும். மாற்றும்போது ஏதாவது சிந்திவிடும். அண்ணன் ஒவ்வொரு ஃபைலையும் விருந்தாளி மாதிரி வரவேற்பார். “வாங்க சாமி, வழியில என்னென்னத்தத் தொலைச்சீங்க?”

ஒருமுறை சென்டிமீட்டரெல்லாம் இஞ்சாகிவிட்டது. பேட்டர்னைக் காகிதத்தில் வரைந்து தள்ளும் பிளாட்டரில் வந்து விழுந்த கைக்குழந்தை ஜட்டி எங்கள் மேனேஜருக்குக் கச்சிதமாக இருந்திருக்கும். அதை அண்ணன் அவரிடமே சொன்னதுதான் தப்பு.

அடுத்த மாதம் என் பொறுப்பில் இருந்த ஆர்டர், குழந்தைகள் டீஷர்ட். கப்பல் தேதி நெருங்கிவிட்டது. கட்டிங் மேசையில் துணி விரித்து, மெஷினை ஆன் செய்யும் நேரம். இஞ்ச் டேப் அண்ணன் ஓடிவந்து, மேசைமேல் ஏறி, துணியின் மீதே படுத்துக்கொண்டார்.

“எந்திரிங்க! கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று கத்தினார் மேனேஜர்.

“கழுத்து வளைவு நேர்கோடாயிருச்சுங்க. சுத்தளவு கொறையுது. கொழந்தைக்குத் தலை நொழையாதுங்க.”

“ஸ்க்ரீன்ல நல்லாத்தான இருக்குது?”

“ஸ்க்ரீனுக்குத் தலை இல்லீங்களே!”

அவர் இறங்குவதாக இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு சாம்பிள் தைத்தோம். கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் இருந்த, எங்கள் டெய்லர் ஒருவரின் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தோம். சட்டை காதோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்து அழுகை. மேனேஜரே பதறிப்போய்க் கழற்றிவிட்டார். ஃபைலைத் திருத்தினோம். கப்பலையும் பிடித்துவிட்டோம்.

சில மாதம் கழித்து அண்ணன் மறுபடியும் படுத்தார். பக்கவாட்டுத் தையலில் சந்தேகமாம். அரை நாள் கட்டிங் நின்றது. அளந்து பார்த்தால் எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தது. மேனேஜர் அத்தனை பேர் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை போய்விடும் என்றார். பழைய சட்டைக் கதையைச் சொல்லி அவருக்காக நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

குற்ற உணர்ச்சியோடு டீ வாங்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். மனிதர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வருத்தமில்லீங்களாண்ணா?”

“எதுக்குங்க? எல்லாம் சரியாத்தானுங்களே இருந்துச்சு! நல்ல சேதிதானுங்க?”

என் மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அந்த டீயை நிதானமாக ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.