சமநிலைக் குழுவின் குளிர்காலம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு அந்தத் துறையில் நடந்த ஒரே பெரிய முன்னேற்றம், வட நார்வேயில் ஸ்கார்விக் என்னும் கடலோரச் சிற்றூரில் நடந்தது. வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. அது வந்து சேரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்த முன்னேற்றத்தின் தந்தை ஹல்வோர். கார்களை ஏற்றிக் கடலைக் கடக்கும் படகில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது பக்கம் நாலு கார் நின்றால் வலது பக்கமும் நாலு நின்றாக வேண்டும். மீன் லாரி ஒன்று வந்துவிட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டியையே பேருந்தோடு நிறுத்தி எடையைச் சரிக்கட்டுவார். அவர் இருந்தவரை அந்தப் படகு ஒரு விரற்கடைகூடச் சாய்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு சரிக்கட்ட ஒன்றும் கிடைக்காமல், சாப்பாட்டு மேசையில் உப்புக்கு நேர் எதிரே மிளகை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி தூரிட் அதைப் பொறுத்துக்கொண்டாள். மிளகுதானே என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தவறினாள்.

மார்ச் மாதம் ஒரு நாள், போன ஜூலையின் கரண்ட் பில்லையும் இந்த ஜனவரியின் கரண்ட் பில்லையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

“தூரிட், நம்ம வருஷம் சாஞ்சு கிடக்கு.”

“என்னது?”

“இந்தப் பக்கம் கோடை, இறகு மாதிரி. அந்தப் பக்கம் குளிர்காலம், மீன் லாரி மாதிரி. இப்படி ஒரு படகு இருந்தா என்னைக்கோ கவுந்திருக்கும்.”

“குளிர்காலத்துல ஹீட்டர் ஓடும், பில் ஏறும். கோடையில மிச்சமாகுறத நான் தனியா போட்டு வைக்கிறேன், ஜனவரியில எடுத்துக் கட்டுறேன். கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான் நடக்குது. எங்க கவுந்துச்சு?”

“அது ஒட்டுப்போடுற வேலை.”

“அப்ப மின்சாரக் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லு. மாசாமாசம் ஒரே தொகையா வாங்கிக்குவான். பாதி ஊரு அப்படித்தானே கட்டுது.”

ஹல்வோர் இரக்கத்தோடு சிரித்தார். “அவன் பணத்தத்தான் சமமாக்குறான். நான் மின்சாரத்தையே சமமாக்கப் போறேன்.”

இப்படித்தான் ‘நுகர்வுச் சமநிலைத் திட்டம்’ பிறந்தது. அவர்கள் தெருவில் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய பதினான்கு வீடுகள். மின்சாரம் அருவியாய் மலிவாகக் கொட்டிய காலத்தில் கட்டியதால் எந்த வீட்டுக்கும் புகைபோக்கி கிடையாது. விறகு எரிக்க வழியில்லை, எல்லாம் ஹீட்டர்தான். ஒரு வீடு வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறதோ அதைப் பன்னிரண்டாக வகுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்தப் பங்கைத்தான் செலவழிக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இவ்வளவுதான் திட்டம். மகத்தானவை எல்லாம் எளிமையானவையே.

வரிசை வீட்டுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அது ஏகமனதாக நிறைவேறியது. “எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தலாம்” என்று ஹல்வோர் அறிவித்தபோது எல்லாருக்கும் ஒரு கையில் தட்டு, மறு கையில் வாஃபிள் என்னும் சூடான அப்பம். ஜாம் ஒழுகும் வாஃபிளை உயர்த்தி எதிர்ப்புத் தெரிவிப்பது ஸ்கார்விக்கில் வழக்கம் இல்லை. தூரிட் மட்டும் தட்டை வைக்க இடம் தேடினாள். கிடைப்பதற்குள் கைதட்டல் முடிந்திருந்தது.

திட்டத்தை நடத்த ஒரு சமநிலைக் குழு அமைந்தது. ஹல்வோர் தலைவர். பக்கத்து வீட்டு யோஸ்டைன் செயலாளர். இன்னும் மூன்று பேர் ‘உறுப்பினர்’. குளிர்கால பில்லுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்துக்கு இனி அவசியமே இல்லை என்பதால், எல்லார் வீட்டிலிருந்தும் அது ‘சமநிலை நிதி’யில் வந்து சேர்ந்தது.

கோடை வந்தது. நடுராத்திரியிலும் வெயில் அடிக்கும் ஊரில் மின்சாரத்தைச் செலவழிப்பது என்ன லேசான வேலையா? ஜனம் சோர்ந்துவிடவில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்து ஹீட்டரைப் போட்டுக் கடலுக்கு வெப்பம் ஊட்டினார்கள். தூரிட் தெருவுக்கே ரொட்டி சுட்டாள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, எல்லாரும் சுட்டிருந்தார்கள். யோஸ்டைன் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டதால் அவர் வீட்டில் நுகர்வு குறைந்து, கதவில் ‘இவ்வீடு சாய்ந்துள்ளது’ என்ற மஞ்சள் பலகை தொங்கியது. பலகையை மாட்டியது செயலாளர். செயலாளர் யோஸ்டைன்தான். திரும்பி வந்து, நெஞ்சு நிமிர்த்தித் தன் கையாலேயே மாட்டினார். நேர்மை என்றால் அது.

பிறகு குளிர்காலம் வந்தது. அது யாருடைய தீர்மானத்தையும் படித்துவிட்டு வருவதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் குழு ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பொருத்தியது. அன்றைய பங்கு தீர்ந்ததும் பெட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் போடும், ஹீட்டர் அணைந்துவிடும். டிசம்பரில் அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டொக்கென்றது. ஜனவரியில் காலைக் காப்பியோடு டொக்கென்றது. தூரிட் இரண்டு கம்பளிச் சட்டை, அதன் மேல் ஹல்வோரின் பழைய படகுக் கோட்டு, தலையில் குல்லாய் என்று போட்டுக்கொண்டு மாவு பிசைந்தாள். மாவு உப்பவே இல்லை.

ஹல்வோர் வீட்டில் தங்கவில்லை. மாதம் ஒருமுறை கூடிய குழு, பனி விழுந்ததும் வாரம் ஒருமுறை கூடியது. ஜனவரியில் தினமும் கூடியது. காலையில் சமுதாயக் கூடத்துக்குப் போனால் படுக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். இந்த வயதில் இப்படி உழைக்கிறாரே என்று தூரிட்டுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை சிக்னே வந்தாள். தீவில் தனியாக இருப்பவள். பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். தானாக நடக்கும்வரை துணையோடு இருக்க வேண்டும், சூடான அறையில் தினமும் காலை அசைத்துப் பழக வேண்டும், விறைக்க விட்டால் நடை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“வா சிக்னே, இது உன் வீடு” என்றார் ஹல்வோர். “சூடு மட்டும் குழுவோடது.”

“மாமா, நீங்க பேசுறப்போ வாயிலேருந்து புகை வருது.”

“அது மூச்சு.”

“வீட்டுக்குள்ளேயா?”

தூரிட் அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “அந்தப் பெட்டியக் கழட்டு.”

“தலைவர் வீட்டுப் பெட்டியவே கழட்டினா ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு பல்லுக் கிட்டிக் கிடக்குது, ஒண்ணும் சொல்லாது. அவ கால் விறைச்சுட்டா அப்புறம் நடக்கவே மாட்டா, தெரியுதா?”

ஹல்வோர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அவர் கெட்டவர் இல்லை. “புது மூட்டு உலோகம்தானே? உலோகத்துக்குக் குளிருமா?”

தூரிட் அவரைப் பார்த்தாள். அவர் தன் இறகுப் போர்வையைக் கொண்டுவந்து சிக்னேயின் காலடியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு ஓடிப்போனார்.

மறுநாள் சிக்னேயால் கட்டிலிலிருந்து காலை இறக்க முடியவில்லை. “அக்கா, கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு” என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. தூரிட் கோட்டை மாட்டிக்கொண்டு குழுவிடமே மன்றாடப் புறப்பட்டாள்.

சமுதாயக் கூடத்தின் கதவைத் திறந்தாள். அவள் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தாள். குழுவினர் ஐந்து பேரும் அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு செம்பருத்தி பூத்திருந்தது. சுவரில் ஒரு புத்தம் புது ஹீட்டர், எதிர்ச்சுவரில் அதைச் சரிக்கட்ட இன்னொன்று. சமநிலை நிதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. யோஸ்டைன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கதவச் சாத்துங்க, சூடு போகுது” என்றார் யோஸ்டைன், ஏறிட்டுப் பார்க்காமல். பிறகு பார்த்தார். கரண்டி நின்றது.

“ஹல்வோர்” என்றாள் தூரிட், மெதுவாக. “இது என்ன?”

“விதி நாலு. சிந்திக்கிற இடம் சூடா இருக்கணும். இது பொதுச் செலவு, எந்த வீட்டுக் கணக்குலயும் ஏறாது. அதனால எந்த வீடும் சாயாது.”

“ஓஹோ. கூட்டம் முடிஞ்சதும்?”

“அணைச்சுடுவோம். நாங்க கறாரான ஆளுங்க.”

“முடியலேன்னா?”

“கூட்டம் நடக்குற வரைக்கும் ஓடணும். விதி அஞ்சு.”

“யாரெல்லாம் பேசலாம் தலைவரே?”

ஹல்வோரின் முகம் மலர்ந்தது. ஒரு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் ஏங்கிய கேள்வி அது. “யார் வேணும்னாலும் பேசலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும். கடைசி ஆள் பேசி முடிக்காம கூட்டத்த முடிக்க எனக்கே அதிகாரம் கிடையாது. ஜனநாயகம்னா சும்மாவா?”

“அப்ப என் பேர எழுதிக்கங்க. பேச்சுக்கு ஆதாரம் வீட்ல இருக்கு, கொண்டுவர்றேன்.”

ஆதாரம், பனியில் காலால் உந்திப் போகும் சறுக்கு நாற்காலியில், மூன்று போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய வந்து சேர்ந்தது. பின்னாலேயே கட்டில் வந்தது. தூரிட் ஹீட்டர் பக்கத்தில் சிக்னேயைப் படுக்கவைத்து, கம்பளிநூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“மதிப்பிற்குரிய குழுவுக்கு. என் தங்கச்சி எப்படி விழுந்தாங்கிறதப் பத்திச் சில வார்த்தை. அவ பொறந்ததுலேருந்து ஆரம்பிக்கிறேன்.”

அன்று சாயங்காலம் பேச்சில் சிக்னேக்கு ஒன்பது வயதுதான் ஆகியிருந்தது. அதற்குள் செய்தி தெருவில் பரவி, பதினான்கு வீட்டுக்காரர்களும் தலையணையோடு வந்து பேச்சாளர் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். பிள்ளைகள் மேசைக்கடியில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். யாரோ வாஃபிள் சுடும் அச்சைக் கொண்டுவந்தார்கள். பொதுமக்களின் இத்தகைய ஈடுபாட்டை நார்வேயின் எந்தச் சங்கமும் கண்டிருக்காது.

“இது ஒழுங்கு மீறல்” என்று ஹல்வோர் எழுந்தார்.

“எந்த விதி?” என்றாள் தூரிட், ஊசியை நிறுத்தாமல்.

எந்த விதியும் இல்லை. அவர் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்து, வீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தார். டொக். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் கதவு கொஞ்சமாகத் திறந்தது, மீசையில் பனி.

“பட்டியல்ல என் பேரையும் சேர்த்துக்கங்க.”

“என்ன விஷயமா பேசப் போறீங்க?” என்று யோஸ்டைன் பேனாவை எடுத்தார்.

“விஷயம் ஒண்ணும் இல்ல. கால் விறைக்குது.”

தூரிட் கட்டிலோரம் நகர்ந்து இடம் விட்டாள். “முதல்ல கதவச் சாத்து.”

மார்ச் மாதம் சிக்னே கைத்தடியோடு கூடத்தைச் சுற்றி நடந்து காட்டிய அன்று தூரிட் தன் பேச்சை முடித்துக்கொண்டாள். அப்போது சிக்னேக்கு முப்பத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

ஆண்டுக் கூட்டம் வந்தது. ஹல்வோர் நிமிர்ந்து நின்று அறிக்கை வாசித்தார். இந்தக் குளிர்காலத்தில் எந்த வீடும் சாயவில்லை. யாரும் வீட்டிலேயே இல்லாததால் ஒதுக்கீட்டில் மிச்சம்கூட இருந்தது; மிச்சமும் சாய்வுதான் என்பதை அறிக்கை சொல்லவில்லை. திட்டம் மாபெரும் வெற்றி. சமுதாயக் கூடத்தின் பில் மட்டும் சற்றே பெரியது. அதையும் பதினான்கு வீடும் சமமாகக் கட்டலாம். திட்டம் அடுத்த ஆண்டும் தொடரலாமா?

தூரிட் இந்த முறை வாஃபிள் எடுத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒன்றை உயர்த்தினாள்.

“நல்ல திட்டம். தொடரட்டும். ஒரே ஒரு திருத்தம். கூடத்துல அந்தப் பெரிய பில் எதுக்கு? வர்ற குளிர்காலம் குழு எங்க வீட்டுப் பின்னறையில கூடட்டும். எங்க ஒதுக்கீட்டுக்குள்ளேயே.”

உறுப்பினர் ஒருவர் தன் அரைக்கைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். யோஸ்டைன் ஹல்வோரைப் பார்த்தார். ஹல்வோர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

பிறகு குழுவினர் ஐவரும் திட்டத்தை எதிர்த்து, வாஃபிளோடு சேர்த்தே கையை உயர்த்தினார்கள். ஜாம் முழங்கை வரை ஒழுக, திட்டம் அந்த நொடியே ரத்தானது. அதில் ஆழமான அறிவியல் குறைபாடு இருப்பதாகக் காரணம் பதிவானது. ஆம், அந்தக் குழுவின் அறிவுக் கூர்மையை நாம் போற்றத்தான் வேண்டும்: பதினான்கு வீடு பாதிக் குளிர்காலம் நடுங்கியும் கண்ணில் படாத குறை, தாங்கள் நடுங்க வேண்டியிருக்கும் என்று காதில் விழுந்த மாத்திரத்தில் அவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டதே.