துரைசாணியின் வில்லுக்கு நான் போட்ட பூண்

கைவேலை தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சின்னதாக ஒரு வேலை சொன்னால், அதைப் பெரிதாகச் செய்து காட்டாவிட்டால் சோறு இறங்காது. எனக்கு அந்த வியாதி இருபத்திரண்டு வயதில் நன்றாக முற்றியிருந்தது. அதில் ஒரு வில் போயிற்று. கூடவே என் கல்யாணமும் போகப் பார்த்தது.

அப்போது நான் தங்கவயலில் ஒரு சுரங்கத்துப் பட்டறையில் இருந்தேன். பாறை உடைப்பவர்களின் பிக்காசுக்கும் சம்மட்டிக்கும் காம்பு போடுவது என் வேலை. சுரங்கக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக எனக்கு ஒரு நினைப்பு. (அவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை என்று பிறகு தெரிந்தது.)

ஒரு துரையின் பங்களாவில் அந்தோணி என்று பட்லர் ஒருவர் இருந்தார். அவர் மகள் ரோசம்மாவை எனக்குக் கேட்டிருந்தார்கள். மூன்று மாதமாக அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பட்டறைக்கே வந்துவிட்டார். கையில் துணி சுற்றிய நீளமான ஒரு சாமான்.

"துரைசாணி வில்லு," என்றார். "நாணு மாட்டும்போது ஒரு நுனியைத் தரையில ஊணி வளைக்கிறாங்க. இங்க தரை பூரா கல்லு. நுனி எப்படித் தேஞ்சிருக்கு பாரு சவரி."

வில்லின் இரண்டு நுனியிலும் மாட்டுக்கொம்பைச் சீவி, குல்லாய்போல் ஒட்டியிருந்தார்கள். அதில் வெட்டிய பள்ளத்தில்தான் நாண் உட்காரும். கீழ்நுனிக் கொம்பு ஓரத்தில் சிதைந்திருந்தது.

"தோல்ல சின்னதா ஒரு உறை தெச்சு மாட்டிட்டா போதும். சனிக்கிழமை பந்தயம். அவங்களுக்குப் புடிச்சிருந்தா, உன் விசயத்தை நானே வீட்ல பேசி முடிச்சிடறேன்."

தோல் உறையா? பெண் கேட்டிருக்கும் வீட்டுக்கு நான் தோல் உறையா செய்து கொடுப்பேன்? பழைய பித்தளைக் குழாயை அறுத்து, ராவி, மெருகேற்றி, நாண் பள்ளத்தை மறைக்காமல் நுனியில் உட்காரும்படி இரண்டு பூண் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. மாட்டினால் லேசாக ஆடின.

இங்கேதான் என் அனுபவம் வேலை செய்தது. பட்டறையில் காம்பு ஆடினால் தண்ணீரில் போடுவோம். மரம் ஊறி உப்பி இரும்பைக் கவ்விக்கொள்ளும். சம்மட்டிக்குச் சரிப்பட்டது வில்லுக்குச் சரிப்படாதா? நுனியை மட்டும் நனைப்பது அரைகுறை வேலை என்று, காய்ச்சிய உளிகளைத் தணிக்கும் தொட்டியில் முழு வில்லையும் படுக்கவைத்தேன். மிதக்காமல் இருக்க மேலே ஒரு தண்டவாளத் துண்டு. அந்த வில் ஒரே மரமல்ல, இரண்டு பட்டைகளைத் தண்ணீர் பட்டால் இளகிவிடும் வச்சிரப் பசையால் ஒட்டிச் செய்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஒன்றரை நாள் கழித்து எடுத்தேன். பூண்களைப் பல்லால் கடித்து இழுத்தும் வரவில்லை. வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவிப் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தோலு இன்னா ஆச்சு?" என்றார் பட்லர்.

"தோலு எதுக்குங்க? இது பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் வரும்."

யாருடைய பேரப்பிள்ளைகள் என்று இருவருமே யோசித்து, இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை பங்களாவின் பின்பக்கம் வைக்கோல் பலகை நிறுத்தியிருந்தார்கள். துரைமார்கள் நாற்காலிகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளுத்த சட்டையோடு நான் சமையல்கட்டுப் பக்கம் நின்றேன். உள்ளே ரோசம்மா தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். துரைசாணி நாணை இழுத்தார். வில் ஒரு மாதிரி முனகியது. இன்னும் இழுத்தார். வாழைப்பழம் உரிந்த மாதிரி வில் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்தது. மேல்நுனிக் கொம்பு என் பூணோடு கழன்று பறந்து, பாதிரி துரையின் கோப்பையில் விழுந்தது. துரைசாணிக்குக் காயமில்லை. தொப்பி மட்டும் இல்லை.

பட்லர் கைதேர்ந்தவர். உடனே இங்கிலீசில், இந்த ஊர் வெயிலை மரம் தாங்கவில்லை என்று துக்கத்தோடு சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பியானோ கெட்டாலும் ரொட்டி உப்பாவிட்டாலும் பங்களாக்களில் பழி வெயில்மேல்தான். அத்தோடு முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

ஆனால் பாதிரி துரை கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார். என் பூணைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே போய், அவர் கோப்பைக்குள் விரலை விட்டுக் கொம்பை எடுத்து, சட்டையில் துடைத்து, துரைசாணியிடம் நீட்டினேன்.

"பூணு அசையவே இல்லீங்க, பாருங்க. ஒன்றரை நாளு வில்லைத் தண்ணில ஊறப் போட்டிருக்கேன், எப்படிங்க அசையும்? பட்லரய்யா, நுனி பத்திரமா இருக்குதுன்னு அம்மாவுக்குச் சொல்லுங்க."

பட்லர் சொல்லவில்லை. தமிழ் தெரிந்த டாக்டர் துரை ஒருவர், ஒரு வார்த்தை விடாமல் துரைசாணிக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை நான் கூண்டில் ஏறிக் கீழே போனேன், கையில் பிக்காசோடு. பட்டறை வேலை போனதைவிட, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராத" என்று பட்லர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. இருட்டில் யாருக்கும் தெரியாது என்று இரண்டு நாள் அழுதேன்.

சில மாதம் கழித்து ஒரு குமாஸ்தா மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த பட்லரிடம் ரோசம்மா சொன்னாளாம்: "நைனா, அன்னிக்கி நீங்க சொன்ன பொய்யை அத்தனை பேரும் நம்பிட்டாங்க. கெடுத்தது அவரு ஒருத்தருதான். அப்படிப்பட்ட ஆளால பொண்டாட்டிகிட்ட எதையும் மறைக்க முடியாது. எனக்கு அவரே போதும்."

பட்லர் மனம் இறங்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. கல்யாணத்தன்று கோயில் வாசலில் மகளின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஏதோ ஆசீர்வாதம் சொல்லப்போகிறார் என்று கூட்டமே அடங்கி நின்றது.

"மாப்ளே," என்றார், "இவளை மட்டும் தண்ணில ஊறப் போட்டுடாதீங்க."

எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து ஞானஸ்நானத்திலும், சாமியார் பிள்ளையின் தலைக்குமேல் தண்ணீரை எடுத்த அந்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் "நுனி பத்திரம்" என்று சொல்லாமல் விட்டதில்லை. கடைசிப் பிள்ளைக்குச் சொன்னது சாமியாரேதான்.